டெல்லியில் திங்கட்கிழமை

டிசம்பர் 7, சனி

காலை ஆறரைக்கு வர வேண்டிய ரயில் மதியம் ஒன்றேமுக்காலுக்குத்தான் டெல்லி வந்து சேர்ந்தது. குவாலியர் தாண்டியதுமே பனி. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒரு திரை, அவ்வளவுதான் தெரிந்தது. வண்டி சிக்னலுக்குச் சிக்னல் நின்று நகர்ந்தது. முப்பத்தெட்டு பேர் கொண்ட சுற்றுலாக் குழு, பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள், அம்மாவுக்குத் துணையாக நான். ரயிலில் இரண்டு இரவு படுத்து வந்த உடம்புக்கு அந்தக் கடைசி ஏழு மணி நேரம்தான் பெரிய சோதனை. அப்படியும் யாரும் முகம் சுளிக்கவில்லை. எதிர் இருக்கையில் இருந்த ஜான்சிக்காரக் குடும்பம் தங்கள் பூரியையும் உருளைக்கிழங்கையும் எங்கள் பக்கம் நீட்ட, நாங்கள் மிச்சமிருந்த முறுக்கை அவர்கள் பக்கம் நீட்ட, பொதுமொழி ஒன்றும் இல்லாமலே பொழுது போய்விட்டது.

தங்குமிடம் கரோல் பாக். சமையல் மாஸ்டர் தன் பாத்திரங்களோடு எங்கள் ரயிலிலேயே வந்தவர். இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் விடுதி மொட்டை மாடியில் அடுப்பைப் பற்ற வைத்து, மூன்றரைக்கெல்லாம் மிளகு ரசமும் சாதமும் உருளை வறுவலும் போட்டுவிட்டார். அந்த ரசத்தை எல்லோரும் டம்ளரில் வாங்கிக் குடித்தார்கள். அப்படி ஒரு குளிர், வெயில் இருக்கும்போதே!

ஐந்தரைக்கு இருட்டிவிட்டது. செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் இன்றைக்குப் பார்ப்பதாக இருந்தவை. சுற்றுலா மேனேஜர் மாடிக்கு வந்து, "அதையெல்லாம் திங்கட்கிழமைக்கு மாத்திட்டேன், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்று நாங்களும் கடைத்தெருவுக்குப் போனோம். மூன்று ஜோடி சாக்ஸ் நூறு ரூபாய். கம்பளிக் குல்லா விற்ற பையன், அம்மா குனிந்து பொறுக்குவதைப் பார்த்துவிட்டுத் தன் ஸ்டூலை எடுத்துப் போட்டு "பைட்டியே மாதாஜி" என்றான். கடைசியில் அவள் வாங்கவில்லை, அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வண்டியில் தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தோலை உரித்து, துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, புளிப்பும் காரமுமாக ஒரு மசாலா தூவி, இலைத் தொன்னையில் தருகிறார்கள், நாற்பது ரூபாய். நம் ஊரில் வேகவைத்துத் தின்னும் கிழங்குக்கு இப்படி ஒரு சுவை இருக்கிறதென்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

காலை எட்டரைக்குப் பேருந்து. முதலில் இந்தியா கேட். 42 மீட்டர் உயரம், 1931இல் திறந்தது, முதல் உலகப்போரிலும் மூன்றாம் ஆப்கன் போரிலும் உயிரிழந்த பதின்மூன்றாயிரத்துக்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள் அதன் சுவரில் உண்டு. பனிமூட்டத்தில் மேல்பாதி தெரியவே இல்லை. ஆனால் எங்கள் குழுவை அசையவிடாமல் நிறுத்தியது அதற்குப் பின்னால் இருக்கும் தேசியப் போர் நினைவிடம்தான். 2019இல் திறந்தது, நுழைவுக் கட்டணம் கிடையாது. வட்டம் வட்டமாகச் சுவர்கள், ஒவ்வொரு கல்லிலும் ஒரு வீரரின் பெயர். கூட வந்தவர்கள் தமிழ்ப் பெயர்களைத் தேடி விரலால் தடவிக்கொண்டே நடந்தார்கள். போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகள் தனியே வரிசையாக இருக்கின்றன. அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்விட்டவர். அந்தச் சிலை முன்னால் வாத்தியார் ஐயா (எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கணக்காசிரியர், புதுக்கோட்டைக்காரர்) செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அடுத்து ஹுமாயூன் கல்லறை. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, கல்லறை மேல் அல்ல, எங்களுக்குக் கொடுத்த நேரத்தின் மேல். "நாற்பது நிமிஷம், பன்னிரண்டு பத்துக்கு பஸ்ஸில் இருக்கணும்" என்றார் மேனேஜர். வாசலிலிருந்து கல்லறை மேடை வரைக்கும் நடப்பதற்கே வயதானவர்களுக்குக் கால் மணி நேரம் வேண்டும். வழியிலேயே வலப்பக்கம் இசா கானின் எண்கோணக் கல்லறை, ஹுமாயூன் கல்லறைக்கும் முந்தியது, அதை எட்டிப் பார்க்கவே யாருக்கும் நேரமில்லை. முகலாய மன்னர் ஹுமாயூனுக்காக அவர் மனைவி பேகா பேகம் முன்னின்று கட்டியது ஹுமாயூன் கல்லறை. பாரசீகத்து வழிவந்த மீராக் மிர்சா கியாஸ் வடிவமைத்தார், 1572 வாக்கில் முடிந்தது. தாஜ் மஹாலுக்கு ஏறக்குறைய எண்பது வருடம் மூத்தது, அதற்கு முன்மாதிரி. செந்நிறக் கல்லின் நடுவே வெள்ளைப் பளிங்குக் கோடுகள், மேலே வெள்ளைக் குமிழ். நான்காகப் பிரித்த தோட்டம், நடுவில் மெல்லிய வாய்க்கால்கள். 1857இல் ஆங்கிலேயரிடம் டெல்லி வீழ்ந்தபோது கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாபர் வந்து ஒளிந்தது இங்கேதான். இங்கே பிடிபட்டு, ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே இறந்தார். தன் முன்னோரின் கல்லறைக்குள் வந்து ஒதுங்கிய ஒரு கிழவரை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டிய இடம் இது. நாங்கள் படியேறி, ஒரு சுற்று சுற்றி, ஒரு குழுப்படம் எடுத்து, இறங்கினோம்.

மதியம் பொட்டலத்தில் தயிர்சாதம், மாவடு. அதன்பிறகு எங்களை எங்கே கூட்டிப் போனார்கள் தெரியுமா? ஒரு சால்வைக் கடைக்கு. அரசு எம்போரியம் என்று சொன்னார்கள், பலகையில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே கம்பளம் விரித்து உட்காரவைத்து, ஏலக்காய் டீ கொடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, முழுதாக இரண்டு மணி நேரம். வெளியே வந்து பார்த்தால் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து தாமரைக் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாயிற்கதவை அடைத்துவிட்டார்கள், குளிர்காலத்தில் அங்கே சீக்கிரம் மூடுகிறார்கள். ஒன்பது பக்கமும் இருபத்தேழு பளிங்கு இதழும் கொண்டு 1986இல் எழுந்த, பஹாய் மதத்தவரின் வழிபாட்டிடம் அது. எந்த மதத்தவரும் போய் அமைதியாக உட்காரலாம், சிலையோ பூஜையோ கிடையாது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். அம்மா இந்தப் பயணத்தில் ஆசைப்பட்ட ஒரே இடம். "நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்மா" என்றார் மேனேஜர்.

டிசம்பர் 9, திங்கள்

செங்கோட்டை வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமா என்று முதலில் சந்தோஷப்பட்டார்கள். வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர்தான் கையை விரித்து "ஸோம்வார், பந்த்" என்றார். திங்கட்கிழமை செங்கோட்டை விடுமுறை. அப்புறம் ஃபோனில் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது: தேசிய அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை, தாமரைக் கோயில் திங்கள் விடுமுறை, காந்தி கடைசியாக இருந்த வீடான காந்தி ஸ்மிருதி திங்கள் விடுமுறை, அக்ஷர்தாம் கோயிலும் அப்படியே. டெல்லிக்குக் குழுவாகப் போகிறவர்கள் இதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். புறப்படுமுன் கொடுத்த தாளில் திங்கட்கிழமைக்குக் குதுப் மினார்தான் சரியாகப் போட்டிருந்தது. சனிக்கிழமை விட்டதை அப்படியே தூக்கித் திங்களில் வைத்ததில் வந்த வினை இது. ஆண்டுக்கு நான்கு முறை ஆட்களைக் கூட்டி வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அதைப் பேருந்திலேயே நேராகச் சொன்னேன்.

எதிரில் சாந்தினி சௌக் கடைத்தெரு. கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை பகலில் மோட்டார் வண்டி விடுவதில்லை, சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. இருவருக்கு நூறு ரூபாய் பேசி ஜாமா மசூதிக்குப் போனோம். ஷாஜஹான் கட்டியது, 1656இல் முடிந்தது, முற்றத்தில் ஒரே நேரம் இருபத்தைந்தாயிரம் பேர் தொழலாம். அகலப் படிகளில் ஏறும்போது எங்கள் பாட்டிமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலெல்லாம், இறங்கி வந்துகொண்டிருந்த பெண்கள் கை கொடுத்து ஒரு படி, இரண்டு படி ஏற்றிவிட்டுப் போனார்கள். முற்றத்தில் நல்ல வெயில். கல்தரை இதமாகச் சுட்டது. எல்லோரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள், யாரும் கிளம்புவதாக இல்லை, இந்த முறை மேனேஜரும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும் வழியில் தௌலத் கி சாட். பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூ நிறம், சர்க்கரைப் பொடி, பிஸ்தா சீவல், குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது. வாயில் வைத்ததும் இல்லாமல் போய்விடுகிறது. ஒரு தொன்னை அறுபது ரூபாய். "அறுபது ரூபாய்க்குக் காத்தைத் தின்னுட்டு வந்திருக்கீங்க" என்றார் சமையல் மாஸ்டர், அப்புறம் செய்முறையைக் கேட்டு வரச் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில்தான் போஸ்ட் மாஸ்டர் தாத்தாவைக் காணோம். எழுபத்தெட்டு வயது, ஃபோன் கிடையாது, இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவர் மனைவி அழத் தொடங்கிவிட்டார். நாலு பக்கமும் ஆள் அனுப்பி அரை மணி நேரம் தேடினோம். அதற்குள் மேனேஜருக்கு ஒரு அழைப்பு. சீஸ் கஞ்ச் குருத்வாராவிலிருந்து. தாத்தா நடந்து நடந்து, கூட்டம் குறைவாகத் தெரிந்த ஒரு வாசலில் நின்றிருக்கிறார். அங்கே தொண்டு செய்யும் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்து, கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து அதிலிருந்த எண்ணுக்கு ஃபோன் செய்திருக்கிறார். நாங்கள் போனபோது தாத்தா தலையில் காவித்துணி கட்டி, முன்னால் தட்டில் ரொட்டியும் பருப்பும் கீருமாக உட்கார்ந்திருந்தார். 1675இல் சீக்கியரின் ஒன்பதாவது குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்ட இடம் அது. மனைவி அந்தத் தொண்டரின் காலைத் தொடப் போக, அவர் பதறி விலகி, அவரும் கைகூப்பி நின்றார். பிறகு எங்களில் வந்திருந்த அத்தனை பேரையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பந்தியில் உட்காரவைத்துவிட்டார்.

மூன்று மணிக்குக் குதுப் மினார். 73 மீட்டர், டெல்லி சுல்தான் குத்புதீன் ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் உயர்த்தி, இடி விழுந்த மேல்பகுதியை ஃபிரோஸ் ஷா துக்ளக் திருத்திக் கட்டியது. உள்ளே ஏற முடியாது. 1981இல் படிக்கட்டில் விளக்கு அணைந்து நெரிசலில் பலர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்த பிறகு மூடிவிட்டார்கள். பக்கத்து மசூதி 27 இந்து, சமணக் கோயில்களின் கற்களைக் கொண்டு எழுந்தது என்று அதன் வாசல் கல்வெட்டே சொல்கிறது. தூண்களில் மணியும் சங்கிலியும் இன்னும் இருக்கின்றன. அம்மா ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள், எதுவும் பேசவில்லை.

அந்த முற்றத்தில்தான் இரும்புத் தூண். ஏழு மீட்டருக்குச் சற்று மேல், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்தது, ஆயிரத்து அறுநூறு வருடமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே ஒரு மெல்லிய படலம் படிந்து துருவைத் தடுக்கிறதென்று விளக்கினார் வாத்தியார். முன்பெல்லாம் முதுகைச் சாய்த்துக் கையைப் பின்னால் கோத்துப் பார்ப்பார்களாம், கை எட்டினால் அதிர்ஷ்டம். தொட்டுத் தொட்டுத் தேயத் தொடங்கவே 1997இல் வேலி போட்டுவிட்டார்கள். இங்கே ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. வெயில் இறங்க இறங்கக் கோபுரத்தின் நிறம் மாறுவதைப் பார்த்தோம்.

ராத்திரி மாடியில் கிச்சடி சாப்பிடும்போது வாத்தியார் எழுந்து நின்றார். நாளைக்கு மூன்று கடை, ஒரு பூங்கா, இரண்டு கோயில் என்று பட்டியல். "கடை வேணாம். ரெண்டே இடம், முழுசாப் பார்ப்போம். சம்மதம்னா கை தூக்குங்க." முப்பத்தொரு கை. மேனேஜர் கடைக்காரருக்குச் சொல்லிவிட்டேனே என்று இழுத்தார். "அவருக்கு நீங்களே சொல்லிக்குங்க தம்பி" என்றார் வாத்தியார்.

டிசம்பர் 10, செவ்வாய்

பத்து மணிக்குத் தேசிய அருங்காட்சியகம், இந்தியருக்கு 20 ரூபாய்தான். ஹரப்பா கூடத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண். பாடப்புத்தகத்தில் பெரிதாகப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாம் நேரில் பார்த்துத் திகைத்துப் போனார்கள், பத்தரை சென்டிமீட்டர்தான், ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இடுப்பில் கை, கை நிறைய வளை, அந்தத் திமிர். "என்ன நிலை பாரு" என்று ஒரு அக்கா தானும் அப்படியே நின்று காட்ட, காவலுக்கு இருந்த பெண் சிரித்துவிட்டார்.

வெண்கலக் கூடத்தில் சோழர் நடராஜர். புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளத்தைச் சேர்ந்தவர். நாம் பார்த்துப் பழகிய தூக்கிய திருவடி இதில் கிடையாது. இரண்டு முழங்காலும் மடங்கி, பாதங்கள் கீழேயே இருக்கும் சதுரத் தாண்டவம். குறிப்புப் பலகையில் ஊர்ப் பெயரைப் படித்ததும் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரம். சின்ன வயதில் அந்தக் கோயில் குளத்தில் நீந்தியிருக்கிறாராம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், கண்ணாடிக்குள், விளக்கும் பூவும் இல்லாமல். ஊரில் இருக்க வேண்டியதா, இங்கே பத்திரமாக இருப்பது நல்லதா என்று அவருக்கும் இன்னொரு சாருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை, கூடத்தின் நடுவிலேயே நின்று தேவாரம் பாடத் தொடங்கிவிட்டாள், சன்னமாக. இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். காவல்பெண் வந்து ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பாட்டு முடியும் வரை நின்றுவிட்டு, "மதுரை?" என்று மட்டும் கேட்டார்.

மதியம் எங்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு சோலே பட்டூரா. கொண்டைக்கடலை கறுப்பாக, நல்ல காரம், பட்டூரா பூரியைவிடப் பெரிதாக, கூட ஊறின மிளகாய், கேரட். தட்டு 120 ரூபாய், இரண்டு பாட்டிமார் ஒரு தட்டை முடிக்கத் திணறினார்கள்.

பிறகு செங்கோட்டை. ஷாஜஹான் தலைநகரை ஆக்ராவிலிருந்து இங்கே மாற்றக் கட்டியது, 1639இல் தொடங்கி 1648இல் முடிந்தது. மயிலாசனம் இருந்த மண்டபம் இன்று வெறும் பளிங்குத் தரை, 1739இல் பாரசீக மன்னன் நாதிர் ஷா அந்த ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கள் குழுவில் ஒரு பாட்டி, அவருடைய அப்பா மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். ஐ.என்.ஏ. அதிகாரிகளை வெள்ளைக்காரன் 1945இல் விசாரித்தது இந்தக் கோட்டைக்குள்தான் என்பதும், ஷா நவாஸ் கான், ஸேகல், தில்லான் மூவருக்காக நேருவே வக்கீல் அங்கி போட்டு வந்து நின்றார் என்பதும் பாட்டிக்கு அப்பா வாயால் கேட்ட கதை. நேதாஜி அருங்காட்சியகத்தில் ஜான்சி ராணிப் படையின் படங்களில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். பாட்டி முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன் அத்தை யாராவது இருக்கலாம் என்றார். மூடுகிறோம் என்று காவலர் வந்து சொல்லும் வரை பார்த்தார்.

டிசம்பர் 11, புதன்

ரயில் இரவுதான். தாமரைக் கோயிலுக்குப் போய்வர நேரமிருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டால் "காந்தி இருந்த வீட்டுக்குப் போலாம், அது போதும்" என்றாள்.

காந்தி ஸ்மிருதி, பழைய பிர்லா மாளிகை. கடைசி 144 நாள் அவர் இருந்த இடம். அறையில் ஒரு மெத்தை, சாய்மணை, கைராட்டை, கண்ணாடி. அங்கிருந்து தோட்டத்துப் பிரார்த்தனை மேடை வரைக்கும் அவர் கடைசியாக நடந்த தடத்தைக் காலடி காலடியாகச் சிமெண்டில் வைத்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30, மாலை ஐந்து பதினேழு. தடம் நிற்கும் இடத்தில் ஒரு தூண். எங்களுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொண்டே வந்தார்கள், அந்த இடத்துக்கு வந்ததும் தாமாகவே பேச்சை நிறுத்தினார்கள். இங்கே நுழைவுக் கட்டணம் இல்லை, வழிகாட்டி என்று யாரும் தொந்தரவு செய்வதில்லை. டெல்லிக்கு வருகிற எல்லாக் குழுக்களும் ஏன் இங்கே முதலில் வருவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

கடைசியாக பங்களா சாஹிப் குருத்வாரா, போஸ்ட் மாஸ்டர் தாத்தா பிடிவாதமாகக் கேட்டது. 1664இல் டெல்லியில் அம்மை பரவியபோது எட்டாவது குரு ஹர் கிஷன் தங்கிய ராஜா ஜெய்சிங்கின் மாளிகை, நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்து அந்த நோயிலேயே சிறுவயதில் போய்ச் சேர்ந்தவர் அவர். குளம் கண்ணாடியாக இருந்தது, பக்கத்தில் அடுக்களை. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வேலை செய்யலாம் என்று தெரிந்ததும் எங்கள் பெண்கள் பத்து பேர் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா இட்ட முதல் ரொட்டி வட்டமாக வரவில்லை. எதிரில் இருந்த சர்தார்ஜி வீட்டு அம்மா அதை எடுத்து, மறுபடி உருட்டி, குழவியை எப்படிப் பிடிப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினார். பிறகு நன்றாக வந்தது. மேனேஜர் வாசலில் வந்து நின்று, பேருந்து வந்துவிட்டது, ஸ்டேஷனுக்கு நெரிசல் இருக்கும், கிளம்பணும் என்றார்.

"இந்த மாவு முடியட்டும் தம்பி" என்றாள் அம்மா, நிமிர்ந்து பார்க்காமல். மாவு முடிய இருபது நிமிடம் ஆனது.